கைக்குஸ், அஃமா, குருடு: ஒரு பெயரடையின் வரலாறு

இலத்தீன் மொழியில் 'கைக்குஸ்' என்றொரு பெயரடை உண்டு. பார்வையற்ற என்பது அதன் பொருள். ஆணுக்குக் கைக்குஸ், பெண்ணுக்குக் கைக்கா, இரண்டும் அல்லாத பொருளுக்குக் கைக்கும். எங்கள் வைத்தியர்கள் ஆங்கில உச்சரிப்பில் 'சீக்கம்' என்று சொல்கிற குடற்பகுதி இந்த மூன்றாவது வடிவம்தான். சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில், வலப்பக்க அடிவயிற்றில், ஒருபக்கம் மூடிய பைபோலக் கிடக்கும் பகுதி அது. குடல்வால் அதிலிருந்துதான் தொங்குகிறது. தமிழில் அதைக் குருட்டுக்குடல் என்கிறோம்.

இதிலே ஒரு தமிழ் ஆசிரியனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். விஞ்ஞான ஆசிரியர் லீவில் நின்ற ஒருநாள் அவருடைய வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். சமிபாட்டுத் தொகுதிப் படத்தைப் பெயரிட்டுக்கொண்டிருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: "சேர், மற்றக் குடலுக்கெல்லாம் கண் இருக்கா? இதை மட்டும் ஏன் குருடு எண்டு சொல்றாங்க?" வகுப்பு சிரித்தது. கேள்வி சிரிக்கக்கூடியது அல்ல. ஒரு சொல்லைச் சும்மா விழுங்காமல் மென்று பார்க்கிற பிள்ளைதான் அப்படிக் கேட்கும். விடை தேடிப் போனபோது அது கிரேக்கம், அரபு, இலத்தீன் என்று சுற்றி, கடைசியில் எங்கள் வண்ணார்பண்ணைக்கும் சுன்னாகத்துக்கும் மானிப்பாய்க்குமே வந்து சேர்ந்தது.

முதலில் குடலை முடித்துவிடுகிறேன். கிரேக்க வைத்தியர்கள் இந்தப் பகுதியைக் 'குருடு' என்ற பொருள்படும் தங்கள் சொல்லால் அழைத்தார்கள். இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலென், அரபிகள் ஜாலீனூஸ் என்பாரே அவர், அந்தப் பெயரை ஆள்கிறார். அவருக்கு முந்திய உரோம எழுத்தாளர் செல்சுஸ் காரணத்தையும் சொல்லிவிடுகிறார்: மறுபக்கம் வழி இல்லை, அதனால் குருடு. ஆக, இங்கே குருடு என்றது பார்க்கமாட்டாமையை அல்ல; வழி ஊடுருவிப் போகாமையை.

காலெனின் நூல்கள் ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் முதலியோரின் கையால் அரபுக்கு வந்தன. ஹுனைன் கண்ணைப் பற்றித் தனியாகப் பத்துக் கட்டுரைகள் எழுதியவர். அரபு வைத்தியத்தில் இந்தக் குடலுக்கு நிலைத்த பெயர் 'அல் அஃவர்'. அஃவர் என்றால் முழுக்குருடு அல்ல, ஒற்றைக்கண். இப்னு ஸீனா தம் கானூனில் விளக்குகிறார்: இதற்கு ஒரே ஒரு வாய்தான், போனதும் அதே வழியால்தான் திரும்பவேண்டும். இரண்டு வாய் இருக்கவேண்டிய இடத்தில் ஒன்று இருந்தால் அதற்குப் பொருத்தமான உவமை இரண்டு கண்ணில் ஒன்று இல்லாதவன்தானே. கிரேக்கரின் சொல்லை அரபிகள் அப்படியே தூக்கிக்கொண்டு வரவில்லை, பொருளைப் பார்த்துத் திருத்தினார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் தொலெதோவில் இருந்து கானூனை இலத்தீனுக்குப் பெயர்த்தவர் கிரெமோனா ஊரின் ஜெரார்ட். அதன் பிறகு ஐரோப்பிய வைத்தியக் கல்லூரிகளில் இந்தக் குடலுக்கு 'மோனோகுலுஸ்' என்ற பெயர் வழங்கிற்று. அதுவும் ஒற்றைக்கண்ணன்தான், பாதி கிரேக்கமும் பாதி இலத்தீனுமாக ஒட்டுப்போட்ட சொல். அதாவது சில நூற்றாண்டுகள் ஐரோப்பிய மாணவன் இந்தக் குடலை இப்னு ஸீனாவின் கண்ணால் பார்த்தான். பிறகு பழைய இலத்தீனுக்குத் திரும்பவேண்டும் என்று புலவர்கள் கிளம்பியபோது மோனோகுலுஸ் போய், கைக்கும் மறுபடி வந்து உட்கார்ந்தது. அரபு நாடுகளில் இன்றைக்கும் அது அல் அஃவர்தான்.

யாழ்ப்பாணத்துக்கு மேலை வைத்தியச் சொற்கள் தமிழாகி வந்த கதையில் ஒரு பெயரைத் தாண்ட முடியாது. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் இங்கே வந்தார். மானிப்பாயில் வைத்தியம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் படிப்பித்தவர் 1864 அளவில் தமிழுக்கு மாறினார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்', 'மனுஷ சுகரணம்' என்று அவரும் மாணவர்களும் பெயர்த்தும் தொகுத்தும் வெளியிட்ட நூல்களின் பெயர்களே ஒரு தனி இன்பம். தமிழில் சொல் இருந்தால் அதை எடுப்பது, இல்லாவிட்டால் வடமொழியைப் பார்ப்பது, அதுவும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் போடுவது; இதுதான் அவர் முறை. பக்தாதில் ஹுனைனின் கூட்டத்தார் செய்த வேலைக்கும் மானிப்பாயில் நடந்த வேலைக்கும் இடையில் ஆயிரம் வருடம் கிடக்கிறது. தலையிடி மட்டும் ஒன்றுதான்.

இனி பெயரடைக்கு வருகிறேன். கைக்குஸ் என்ற சொல்லில் எனக்குப் பிடித்த சங்கதி, அது இரண்டு பக்கமும் வெட்டுகிறது. பார்க்கமாட்டாத ஆள் கைக்குஸ். பார்க்கப்படமாட்டாத பொருளும் கைக்குஸ். இருண்ட இரவு, சன்னல் இல்லாத அறை, எங்கிருந்து வருகிறது என்று தெரியாத முணுமுணுப்பு எல்லாவற்றுக்கும் இதே அடைதான். எதிரி அறியாமல் விழவேண்டும் என்று மண்ணுக்குள் மறைத்து நட்ட கூர்முளை வேலிக்கு யூலியுஸ் சீசர் இந்தச் சொல்லைப் போடுகிறார். வேலிக்குக் கண் இல்லை என்பதா பொருள்? வருகிறவனின் கண்ணுக்கு அது இல்லை.

இதில் வியாபாரிகளுக்கும் ஒரு பங்கு உண்டு. கி.மு. 191இல் மேடையேறிய பிளாவ்துஸின் நாடகம் ஒன்றில், காசில்லாமல் தவிக்கும் இளைஞன் ஒருவனுக்கு யோசனை சொல்கிறார்கள்: எண்ணெயைக் குருட்டு நாளில் வாங்கு, கண்ணுள்ள நாளில் வில். குருட்டு நாள் என்றால் கடன். பணம் வரும் நாள் கண்ணுக்குத் தெரியவில்லை. கண்ணுள்ள நாள் என்றால் கைக்காசு. பெரிய கடைத்தெருவில் இரும்பும் புடவையும் விற்று வளர்ந்த எங்கள் சமூகத்துக்கு இதற்கு அகராதி தேவைப்படாது.

அரபியிலும் இதே இரட்டைப் போக்கு உண்டு. ஐன், மீம், யா என்ற மூலத்தில் பிறந்த அஃமா என்றால் பார்வையற்றவர். அதே மூலத்து வினையைக் குர்ஆன் அல்கஸஸ் அத்தியாயத்தில், மறுமை நாளில் நிராகரித்தோருக்குச் சொல்வதற்கு ஒரு பதிலும் புலப்படாமல் போவதைக் குறிக்க ஆள்கிறது. அங்கே குருடானவை செய்திகள், ஆட்கள் அல்ல. விடுகதைச் செய்யுளுக்கு அரபு, பாரசீகப் புலவர்கள் வைத்த 'முஅம்மா' என்ற பெயரும் இந்த மூலத்ததே: குருடாக்கப்பட்டது, அதாவது மறைத்துச் சொன்னது. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு மொழிக் குடும்பங்கள் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

தமிழ் அந்த வழியால் போகவில்லை. எங்கள் குருடு, யோசனையின்மையை நோக்கிப் போயிற்று. குருட்டு யோகம், குருட்டாம்போக்கு, குருட்டுப்பாடம். சங்கச் சொல்லான சிதடுக்கும் அதே கதி. புறநானூற்று 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பிறப்பிலே நேரும் எட்டுக் குறைகளை எண்ணும்போது முதலில் வைப்பது சிதடு, அதாவது குருடு. பிறகு சிதடன் என்ற சொல் அறிவிலிக்கும் ஆகிவிட்டது. ஆனால் கண் என்ற சொல்லைத் தமிழ் தாராளமாக எறிந்திருக்கிறது. நுங்குக்குக் கண், தேங்காய்க்குக் கண், புண்ணுக்குக் கண், கிணற்றுக்கு ஊற்றுக்கண். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் கிணறு இறைத்து வாழ்ந்தவர்களுக்கு ஊற்றுக்கண் தூர்ந்துபோவது உவமை அல்ல, நட்டம். ஆறுமில்லாத குடாநாட்டில் அதுவே கண்.

சொல்லின் வேரையும் கொஞ்சம் தோண்டலாம். கைக்குஸ் ஆதியில் ஒற்றைக்கண்ணைக் குறித்திருக்கலாம் என்று மொழிநூலார் கருதுகிறார்கள். பழைய ஐரிஷிலும் கோத்திக்கிலும் உள்ள இனச்சொற்களுக்கு அந்தப் பொருள் உண்டு. வடமொழியில் 'கேகர' என்றால் மாறுகண். நல்லூரில் இருந்து தமிழின் சொற்பிறப்பு ஒப்பியல் அகராதியை 1938 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட சுவாமி ஞானப்பிரகாசர் இப்படிப்பட்ட ஒப்பீடுகளில் ஊறியவர். இந்தோ ஐரோப்பிய மொழிகளும் தமிழும் ஒரே வேரில் கிளைத்தவை என்ற அவருடைய முடிவை இன்றைய மொழியியல் ஏற்பதில்லை. ஆனாலும் ஒரு சொல்லை அதன் அயல்வீட்டுச் சொற்களோடு சேர்த்து விசாரிக்கும் பழக்கத்தை இந்த மண்ணில் ஊன்றியவர்களில் அவர் பெரியவர்.

ஞானப்பிரகாசர் அகராதி வேலையில் இறங்குவதற்குக் கால் நூற்றாண்டு முன்பு, ஜெனிவாவில் ஃபெர்தினாந் த சொஸ்யூர் இந்தக் கைக்குஸைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். நவீன மொழியியலின் தந்தை என்று பல்கலைக்கழகத்தில் படித்தோமே, அவர்தான். அவர் இறப்பதற்கு முந்திய வருடம், 1912இல், டென்மார்க் அறிஞர் வில்ஹெல்ம் தொம்ஸனுக்கான பாராட்டு மலரில் அது வந்தது. இலத்தீனிலும் அதன் உறவு மொழிகளிலும் குருடு, இடக்கை, கொன்னல் போன்ற உடற்குறைகளையும் நேருக்கு விலகியவற்றையும் குறிக்கும் சில பெயரடைகள் 'ஐ' போன்ற ஒரே உயிரொலியைத் தாங்கி நிற்கின்றன என்பதை அவர் கவனித்தார். குறைக்கென்று ஒரு மொழி தனி ஓசை வைத்திருக்குமா?

அரபு இலக்கணம் ஓதியவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதாக இராது. அஃமா, அஃவர், அஹ்வல், அஃரஜ், அபக்கம். குருடர், ஒற்றைக்கண்ணர், மாறுகண்ணர், முடவர், ஊமை. எல்லாம் 'அஃப்அல்' என்ற ஒரே வாய்பாட்டில் வார்த்தவை. அதே வாய்பாட்டில்தான் அஹ்மர், அஸ்வத், அப்யள் என்று நிறங்களும் வருகின்றன. சிவப்பும் கறுப்பும் வெள்ளையும் குருடும் ஒரே அச்சு. ஸர்ஃப் பாடத்தில் இதை 'நிறமும் குறையும்' என்று ஒரே மூச்சில் ஓதிவிட்டுப் போய்விடுவோம். நின்று பார்த்தால், குறையை ஆளின் தோற்றத்தில் ஒரு அடையாளமாக, நிறத்தைப்போல, அரபு வரிசைப்படுத்தியிருப்பது தெரியும்.

தமிழ் இலக்கணம் இதைவிடக் கூர்மையான ஓர் இடத்தில் கை வைக்கிறது. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் முதல் இயலான கிளவியாக்கத்தில் ஒரு நூற்பா, பொருளால் உயர்திணையாக இருந்தும் அஃறிணை முடிபு கொள்ளும் சொற்களைப் பட்டியல் இடுகிறது. அதில் ஒன்று 'உறுப்பின் கிளவி'. குருடு முதலிய சொற்களை உரையாசிரியர்கள் அதற்கு உதாரணம் காட்டுகிறார்கள். குருடன் வந்தான் என்பது ஒன்று. குருடு வந்தது என்பது வேறொன்று. வந்தவர் மனிதர்தான், வினைமுற்று அவரை ஆடுமாட்டோடு சேர்த்துவிடுகிறது. கைக்குஸ், கைக்கா, கைக்கும் என்று இலத்தீன் பால் பிரிப்பதற்கும் குருடன், குருடி, குருடு என்று தமிழ் பிரிப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கே இருக்கிறது. இலத்தீனில் மூன்றாவது வடிவம் குடலுக்கும் வேலிக்கும் போகும். தமிழிலோ அது திரும்பி வந்து மனிதரின் தலையிலேயே ஏறும்.

தொல்காப்பியரை நியாயமாகவும் பார்க்கவேண்டும். அந்த நூற்பாவிலே மகவும் குழவியும் இருக்கின்றன, அரசு இருக்கிறது, காதலால் சொல்வதும் இருக்கிறது, கோபத்தால் சொல்லும் செறற்சொல்லும் இருக்கிறது. பிள்ளையை 'அது நித்திரையாப் போச்சு' என்று தாய் சொல்வதும் அஃறிணைதான். ஆகவே அஃறிணை முடிபு தன்னிலே இழிவு இல்லை. யார், யாரை, எந்த நெஞ்சோடு சொல்கிறார் என்பதுதான். இந்தச் சேனாவரையர் உரையை 1868இல் அச்சேற்றியவர் சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, பரிசோதித்துக் கொடுத்தவர் ஆறுமுக நாவலர். பிறகு 1938இல் புன்னாலைக்கட்டுவன் கணேசையர் தம் குறிப்புகளோடு அதைச் சுன்னாகத்தில் வெளியிட்டார். எங்கள் சிறப்புப் பட்ட வகுப்பில் கணேசையர் பதிப்பு கைக்குக் கை மாறித் தாள் உதிரும். அப்போது அந்த நூற்பாவைப் பரீட்சைக்காகத்தான் படித்தேன்.

அதற்கு உரை எனக்கு முன்பே கிடைத்திருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நான் சிறுபிள்ளை. புத்தளத்து அகதி முகாமில், கிடுகுக் கொட்டிலுக்குள் எங்களுக்கு ஓதித்தந்த ஹஸ்ரத் பிறவியிலேயே பார்வை இல்லாதவர். குர்ஆன் முழுதும் நெஞ்சில் இருந்தது. எங்களில் யாராவது ஒரு மத்தைக் குறைத்து ஓதினால், ஓதினவனின் பெயரைச் சொல்லியே திருத்துவார். குரல்தான் அவருக்கு முகம். பெரியவனான பிறகு ஒருநாள், கூச்சத்தோடுதான், உங்களை எப்படிச் சொல்வது மரியாதை என்று அவரிடமே கேட்டேன். அவர் சிரித்தார். "குருடர் எண்டு சொன்னா எனக்குக் கோவம் இல்ல தம்பி. உள்ளதுதானே. ஒரு வீட்டு விருந்துக்குப் போயிருந்தன். தேத்தண்ணி கொண்டு வந்தவர் எனக்குப் பக்கத்தில இருந்தவரிட்டக் கேக்கிறார், 'இது சீனி குடிக்குமா' எண்டு. எனக்குக் காது நல்லாக் கேக்கும்."

குருடு என்ற சொல் அங்கே வரவே இல்லை. 'இது' வந்தது, 'குடிக்குமா' வந்தது. சேனாவரையர் பக்கம் பக்கமாக எழுதுவதை ஹஸ்ரத் ஒரு பிளேன்டீக்குள் காட்டிவிட்டார்.

குறையைப் பெயராக்குவது எல்லா இடத்திலும் நடந்திருக்கிறது. உரோமர் இதில் வெட்கமே படவில்லை. கி.மு. 312இல் உரோமின் உயர் பதவிகளில் ஒன்றில் இருந்து, இன்றும் எஞ்சி நிற்கும் அப்பிய வீதியைப் போடுவித்த அப்பியுஸ் கிளாவ்தியுஸ் முதுமையில் பார்வை இழந்தார். வரலாற்றில் அவர் அப்பியுஸ் கிளாவ்தியுஸ் கைக்குஸ். பீருஸ் மன்னனோடு சமாதானம் பேச உரோமின் மன்றம் சாய்ந்தபோது இந்தக் கிழவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் பேசிய பேச்சில் மன்றம் மனதை மாற்றியது. பொம்பேயின் தகப்பனுக்குப் பட்டம் 'ஸ்திராபோ', மாறுகண்ணர். பாலத்தைத் தனியே நின்று காத்ததாகச் சொல்லப்படும் ஹொராத்தியுஸுக்கு 'கொக்லெஸ்', ஒற்றைக்கண்ணர். கைக்கிலியுஸ் என்ற குடும்பப் பெயரும் கைக்குஸிலிருந்து வந்தது என்றே பொதுவாகக் கொள்கிறார்கள். அதன் பெண்பால்தான் எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு வைக்கும் செசிலியா. வைக்கிறவர்களுக்கு வேர் தெரியவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தமிழில் அந்தகக்கவி வீரராகவ முதலியார் இருக்கிறார். பிறவியிலே பார்வை இல்லாத அவர் யாழ்ப்பாணம் வந்து பரராசசேகர மன்னன் முன் பாடிப் பரிசு பெற்றார் என்று புலவர் வரலாறுகள் சொல்கின்றன. காலக் கணக்கை ஆராய்ச்சியாளர் பார்த்துக்கொள்ளட்டும். கண் தெரியாத புலவர் கடல் கடந்து இந்தக் குடாநாட்டுக்கு வந்தார் என்ற நினைவை இந்த ஊர் வைத்துக்கொள்ள விரும்பியதே எனக்குப் பெரிது. (அந்தகன் என்று எமனுக்கும் பெயர் உண்டு. வடமொழியில் இரண்டும் வேறு சொல். தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடும். வாசிக்கும் பிள்ளைகள் அடிக்கடி திகைக்கும் இடம்.)

எங்கள் பாரம்பரியத்தில் இந்தக் கேள்வி இன்னும் ஆழமாக விசாரிக்கப்பட்டிருக்கிறது. புகாரி, முஸ்லிம் ஓதுகிற எவருக்கும் 'அனில் அஃமஷ்' என்ற தொடர் காதில் ஊறியிருக்கும். கூஃபாவின் சுலைமான் இப்னு மிஹ்ரான், ஹிஜ்ரி 148இல் மறைந்தவர். அஃமஷ் என்றால் பார்வை மங்கி, எந்நேரமும் கண்ணீர் வடிகிறவர். இதற்கு இலத்தீனில் நேர்ச்சொல் 'லிப்புஸ்'; கவிஞர் ஹொராஸ் தம் பயணப் பாட்டிலே தமக்கே அதைப் போட்டுக்கொண்டு, கண்ணுக்குக் கறுப்பு மருந்து பூசியதையும் சொல்கிறார். அனஸ் (ரலி) அவர்களிடமிருந்து அறிவிக்கும் ஆஸிம், அல் அஹ்வல். அபூ ஹுரைரா (ரலி) அவர்களின் மாணவர் அப்துர் ரஹ்மான் இப்னு ஹுர்முஸ், அல் அஃரஜ். ஹதீஸின் சங்கிலி இவர்களுடைய குறைகளின் பெயரால் கோக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் அல்ஹுஜுராத் அத்தியாயம் பட்டப்பெயர் சொல்லி ஒருவரையொருவர் அழைக்கவேண்டாம் என்று தடுக்கிறதே? இரண்டையும் அறிஞர்கள் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். இமாம் புகாரி தம் தொகுப்பில் ஒழுக்கம் பற்றிய பகுதியிலே, நெட்டையர் குட்டையர் என்று மனிதரைக் குறிப்பதில் எது ஆகும் என்பதற்கு ஒரு தலைப்பே போட்டிருக்கிறார். நபி (ஸல்) அவர்கள் ஒரு தோழரைத் துல்யதைன், நீண்ட கைக்காரர், என்று குறிப்பிட்டதை அங்கே ஆதாரம் வைக்கிறார். இமாம் நவவி தம் அல் அத்காரில் எல்லை கட்டுகிறார்: அந்தப் பெயரால் அல்லாமல் ஆளை அடையாளம் தெரியாது என்றால், அறிமுகத்துக்காகச் சொல்லலாம், குறை சொல்லும் எண்ணத்தோடு சொன்னால் ஹராம், வேறு விதமாகச் சொல்ல முடிந்தால் அதுவே மேல். சொல் ஒன்றுதான், நிய்யத் தான் சட்டத்தை மாற்றுகிறது. ஒரே தெருவில் மூன்று அப்துல் காதர் இருக்கும் சோனகத் தெருவிலே வளர்ந்தவர்கள் இந்தச் சட்டத்தின் தேவையையும் அது மீறப்படும் வேகத்தையும் நன்றாக அறிவார்கள்.

அபஸ அத்தியாயத்தை இந்த வெளிச்சத்தில் வாசித்தால் இன்னொன்று புலப்படும். மக்கத்துத் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் வந்து கேட்ட தோழரை அல்லாஹ் பெயர் சொல்லாமல் 'அல் அஃமா' என்றே குறிப்பிடுகிறான். அது அவரைத் தாழ்த்த அல்ல, அவருடைய நியாயத்தை நிறுவ என்று விரிவுரையாளர்கள் சொல்கிறார்கள்: கண் தெரியாதவருக்கு அங்கே யார் இருக்கிறார், பேச்சு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வழியில்லையே. அந்தத் தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) பின்னாளில் மதீனாவில் ஃபஜ்ருக்குப் பாங்கு சொன்னார். நபி (ஸல்) அவர்கள் வெளியே போனபோதெல்லாம் பல தடவை ஊரின் பொறுப்பில் நின்றார். எங்கள் தமிழ் மொழிபெயர்ப்புகள் சில இந்த இடத்தில் குருடர் என்கின்றன. சில பார்வையற்றவர் என்கின்றன. எனக்கு இரண்டாவது பிடிக்கும். ஆனால் முதலாவதைப் போட்டவர்களைக் குற்றம் சொல்லமாட்டேன். 'அர்' என்ற ஈறு அங்கே தன் கடமையைச் செய்கிறது.

இலங்கையில் இப்போது அலுவலகத் தமிழ் 'விழிப்புலனற்றோர்'. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு இத்தகைய சொற்கள் கடிதங்களிலும் படிவங்களிலும் பரவியிருக்கின்றன. நல்ல சொல்தான். 'ஓர்' ஈற்றால் உயர்திணையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் வாய்க்கு நீளம். வகுப்பறையில் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிடமாட்டார்கள். கூப்பிடுவதெல்லாம் 'சோடாப்புட்டி'. தடித்த கண்ணாடி போட்ட ஒரு பையனை அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டே அவன் கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, கரும்பலகை தெரியாமல் ஒரு தவணை முழுக்க இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். மங்கலப் பெயர் வைத்தாலும் தப்ப முடியாது. அரபியில் பார்வையற்றவரை 'பஸீர்', பார்வையுள்ளவர், என்று மங்கலமாகச் சொல்லும் வழக்கு உண்டு. அதையே ஏளனமான குரலில் சொல்லிப் பாருங்கள்.

பார்வையற்ற பெரியோர்களின் வரலாற்றை மட்டும் தொகுத்து ஒரு முழு நூல் அரபியிலே இருக்கிறது. ஹிஜ்ரி 764இல் மறைந்த ஸலாஹுத்தீன் அஸ்ஸஃபதியின் 'நக்துல் ஹிம்யான்'. சரிதைகளுக்கு முன்னால் அஃமா என்ற சொல்லின் பிறப்பு, அதன் இலக்கணம், பார்வையற்றவர் பற்றிய மார்க்கச் சட்டங்கள் என்று நீண்ட முன்னுரை வைத்திருக்கிறார். இதைத் தமிழில் கொண்டுவர எங்கள் மௌலவிமார் யாராவது மனம் வைத்தால் இந்த இதழுக்கே பல வருடத்துக்கு விஷயம் கிடைக்கும்.

அப்படிப்பட்ட பெரியோரில் ஒருவர் ஸ்பெயினின் முர்ஸியா ஊரைச் சேர்ந்த இப்னு ஸீதா. ஹிஜ்ரி 458இல் மறைந்தார். அகராதிக்காரர், பார்வை இல்லாதவர், அவருடைய தகப்பனும் மொழியறிஞர், அவருக்கும் பார்வை இல்லை. சொற்களைப் பொருள் வாரியாக அடுக்கிய அவருடைய 'அல் முகஸ்ஸஸ்' மனித உடலிலிருந்து தொடங்குகிறது. கண்ணுக்கு வருகிறபோது இமை, மயிர், கருமணி, வெண்விழி என்று ஒவ்வொன்றையும் பெயரிட்டு, பிறகு கண்ணின் குறைகளுக்கும் போகிறார். நிறமும் வடிவமும் நிறைந்த அந்த அதிகாரங்களை அவர் மற்றவர்களுக்கு வாயால் சொல்லச் சொல்ல, அவர்கள் எழுதிக்கொண்டார்கள்.